ஒன்பது சிலிண்டரும் ஒரு கை உப்பும்

பாய்,

இன்று காலையில் சட்டைப் பை நனைந்திருந்தது. வியர்வை என்றுதான் முதலில் நினைத்தேன். கையை விட்டுப் பார்த்தால் கைக்குட்டை முடிச்சு கசிந்திருக்கிறது. இரண்டு நாளாகக் கடல் காற்று ஈரமாக அடிக்கிறது, உப்பு சும்மா இருக்குமா? உனக்காக முடிந்த உப்பு அது. போன ஆவணியிலிருந்து சட்டை மாற்றும்போதெல்லாம் அதையும் எடுத்து அடுத்த சட்டையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். துவைத்த சட்டையெல்லாம் பை பக்கம் வெள்ளை பூத்துக் கிடக்கிறது என்று வீட்டில் தினமும் பேச்சு வாங்குகிறேன்.

உப்பளத்துப் பம்ப் ஷெட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நீ வழக்கமாக உட்காரும் கவிழ்த்த ஆயில் டின் அதே இடத்தில் இருக்கிறது. அதற்கு எதிரே தார்ப்பாய் போட்டு மூடிய மேடு. அந்தத் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்து எட்டு மாதம் ஆகிறது. இனி தூக்குவேன் என்றும் தோன்றவில்லை.

ஊரில் உன்னை நினைப்பவர்கள் துபாயிலிருந்து திரும்பிய மெக்கானிக் என்று நினைக்கிறார்கள். பள்ளிவாசல் தெருவில் மிக்ஸி ரிப்பேர் பார்த்தவர் என்கிறார்கள். எனக்கு வேறு ஆள் தெரியும். பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில், புதுச்சேரி பஸ் ஏற நிற்கிற ஜனத்துக்கு நடுவே, யுத்த காலத்து விமானம் ஸ்டார்ட் ஆவதை வாயாலேயே செய்து காட்டிய ஆள். முதலில் ஸ்டார்ட்டரின் முனகல். அப்புறம் ஒரு சிலிண்டர் மட்டும் இருமும். நின்றுவிடும். இரண்டாவது இருமும், மூன்றாவது சேரும், பிறகு எல்லாம் ஒன்றாகப் பிடித்துக்கொண்டு கடகடவென்று ஓடும். கன்னம் இரண்டும் அதிர, கண் கலங்க நீ அதைச் செய்து முடித்தபோது டீக்கடைக்காரர், "இன்னாச்சு பாய், தண்ணி கொண்டாரட்டுமா?" என்று பதறிப்போய்க் கேட்டார்.

உனக்கு அந்தப் பைத்தியம் அங்கே பாலைவனத்தில் பிடித்தது. கார் ஒர்க்‌ஷாப் மூடிப்போய், யாரோ ஒரு பணக்காரர் பழைய போர் விமானங்களைச் சேர்த்து வைத்திருந்த கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தாய். விமானத்துக்கு அடியில் தட்டு வைத்து, ஒழுகும் எண்ணெயைப் பிடித்து ஊற்றுகிற வேலை. "அம்பது வயசுல எனக்கு மூத்திரத் துணி மாத்துற வேலைடா" என்று போனில் சிரித்தாய். ஒரு வாரம் கழித்து வந்த போனில் சிரிப்பு இல்லை. "டேய் உப்பு, இன்னிக்கு ஒண்ண ஸ்டார்ட் பண்ணாங்க. நான் கீழ நிக்கறேன். நெஞ்சுக்குள்ள வந்து அடிக்குதுடா அது. ஜெட்டு சும்மா ஊதும். இது மூச்சு வுடுது." அன்றைக்கு நீ ஒரு மணி நேரம் பேசினாய். நான் பாத்திக்குத் தண்ணீர் திருப்ப மறந்துபோனேன்.

பள்ளிக்கூடத்திலிருந்தே நான் உனக்கு உப்புதான். அப்பா உப்பளத்துக்காரர், நானும் உப்பளத்துக்காரன். நீ போனில் அனுப்பிய இன்ஜின் சத்தங்களைக் கேட்டுக் கேட்டு, வரப்பில் நிற்கிற எனக்கும் அந்த நோய் தொற்றிக்கொண்டது. ஸ்பிட்ஃபயர் போர் விமானத்துடைய பன்னிரண்டு சிலிண்டர் எனக்குப் பிடித்தது. அது பட்டுத் துணியைக் கிழிக்கிற மாதிரி போகும். உனக்கு வட்டமாகச் சிலிண்டர் அடுக்கிய ரேடியல்தான் வேதம். "உன்னுது தண்ணி குடிக்கிற இன்ஜின்டா. ஒரு குண்டு பட்டு தண்ணி ஒழுகிச்சுன்னா அஞ்சு நிமிஷத்துல கதை முடிஞ்சுது. என்னுது காத்துலயே குளுந்துக்கும். ஒரு சிலிண்டர் ஒடைஞ்சு தொங்குனாகூட ஆள வூட்டுல கொண்டாந்து வுட்டுரும்" என்பாய். இந்தச் சண்டை பத்து வருஷம் ஓடியது.

உனக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது என்று துபாயிலிருந்து அனுப்பிவிட்டார்களே, அன்றைக்கு உன்னை விமான நிலையத்திலிருந்து கூட்டிவர நான்தான் வந்தேன். வண்டியில் நான் அழுதேன். நீ ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "ஏம்பா அழுவுற? நான் ரேடியல்டா. ஒண்ணு ரெண்டு போனாலும் வூடு வந்து சேந்துருவேன்" என்றாய்.

அப்புறம் வாரத்துக்கு மூன்று நாள் புதுச்சேரியில் டயாலிசிஸ். மிச்ச நாளில் இங்கே வருவாய். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் கட்டாயம் வருவாய். டிவிஎஸ் ஐம்பதை வரப்பு ஓரம் சாய்த்துவிட்டு, இந்த டின்னில் உட்கார்ந்து, போனில் சத்தத்தைப் போடுவாய். நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல வேண்டும்: எத்தனை சிலிண்டர், ஒரு வரிசையா இரண்டு வரிசையா, எந்த விமானம். கடைசியில் நம் விளையாட்டு எவ்வளவு முற்றிப்போனது என்றால், ஒன்பது சிலிண்டரில் ஒன்று சரியாக அடிக்காமல் ஓடுகிற சத்தத்தைப் போடுவாய், நான் அது தப்புகிற இடத்தில் விரலை உயர்த்த வேண்டும். உயர்த்துவேன். "காதுடா உனக்கு!" என்று தொடையில் தட்டுவாய். அந்தக் காதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

உப்பு உனக்கு ஆகாது என்று டாக்டர் அடியோடு நிறுத்திவிட்டார். தண்ணீரும் அளந்துதான். சுற்றிலும் உப்பு வெயிலில் பளபளக்கும், நீ நடுவில் உட்கார்ந்து டப்பாவில் கொண்டுவந்த சப்பென்ற சோற்றைப் பிசைவாய். "ஊர் பூரா கொட்டிக் கெடக்குது, என் தட்டுல மட்டும் இல்ல பாரு" என்பாய். நான் வாரிய உப்பில் ஒரு கல்லை எடுத்து நாக்கில் வைப்பதைப் பொறாமையோடு பார்ப்பாய். உப்பளத்தில் யாரும் கண்ணை நம்புவதில்லை என்று உனக்குத் தெரியும். எல்லா உப்பும் வெள்ளையாகத்தான் இருக்கும். தண்ணீர் பழசாகிவிட்டால் உப்பில் கசப்பு ஏறும், அது நாக்குக்குத்தான் தெரியும். அதனால் எதையும் ருசி பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை. அப்பா செய்தார், நானும் நாற்பது வருஷமாகச் செய்கிறேன்.

மழை முடிந்த தை மாதம், கழுவெளி ஏரி ஓரத்தில், பாத்திக்கு உப்புத் தண்ணீர் எடுக்கும் என் குழியை ஆழப்படுத்த ஜேசிபி வந்தது. பள்ளத்தில் எதுவோ தட்டி வாளி நின்றது. பழைய மோட்டார் என்று டிரைவர் சொன்னார். சேற்றை வழித்துப் பார்த்தேன். சிலிண்டர் மேல் வரிவரியாகத் துடுப்புகள், காற்றில் சூடு ஆற்றுகிற தகடுகள். ஒன்றுக்குப் பக்கத்தில் இன்னொன்று, வளைந்து போகிறது. போட்டோ எடுத்து உனக்கு அனுப்பினேன். இருபது நிமிஷத்தில் டிவிஎஸ் சத்தம் கேட்டது. முந்தின நாள்தான் டயாலிசிஸ் முடிந்து வந்திருந்தாய், கையில் கட்டு.

யுத்த காலத்தில் கழுவெளியில் ஒரு விமானம் விழுந்ததாக நம் ஊரில் சொல்வார்கள். நாம் நம்பியதில்லை. நீ சேற்றில் முழங்கால் வரை இறங்கி, விரலால் தடவித் தடவி எண்ணினாய். "ஒண்ணு... மூணு... அஞ்சு... ஏழு..." என்று ஒன்றுவிட்டு ஒன்றாக எண்ணினாய், ஏனென்றால் ஒன்பது சிலிண்டர் அந்த வரிசையில்தான் வெடிக்கும். ஒன்பதுக்குப் பிறகு இரண்டு, நாலு, ஆறு, எட்டு. ஒரு சுற்று முடிந்ததும் என்னை நிமிர்ந்து பார்த்தாய். சிறுநீரகம் போனபோது வராத கண்ணீர் அப்போது வந்தது. தூக்குவதற்கு முன்னால் தலையில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு இரண்டு கையையும் ஏந்தினாய். ஜேசிபி டிரைவர் சிரித்தார். "இதுல ஒருத்தன் ஒக்காந்து வந்திருக்கான்ல? யாரு பெத்த புள்ளயோ. அவனுக்கு ஒரு துஆ" என்றாய்.

தூக்கும்போது ஒரு துளை வழியாகக் கறுப்பாக எண்ணெய் வழிந்தது. எண்பது வருஷத்து எண்ணெய். நீ அதை விரலில் தொட்டு முகர்ந்து, எனக்கும் நீட்டினாய். அந்த வாடை இன்னும் மூக்கில் இருக்கிறது. "உள்ள எண்ணெ நிக்குதுன்னா இரும்பு உசுரோட இருக்குதுடா. ஓடாது, தெரியும். ஆனா கையால ஒரு சுத்து சுத்தலாம். ஒரே ஒரு சுத்து. அந்த ஒம்போதும் ஒரு தபா மேலயும் கீழயும் போய் வந்தா போதும் எனக்கு" என்றாய். அந்தக் கொட்டகையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் விசிறியைக் கையால் சுற்றிவிடுவார்களாம், கீழ்ச் சிலிண்டரில் தேங்கின எண்ணெய் இறங்குவதற்காக. அத்தனை வருஷத்தில் ஒரு நாளும் உன்னைச் சுற்ற விடவில்லையாம். தட்டு வைக்கிறவனுக்கு அது வேலை இல்லை.

உன் ஆசை அவ்வளவுதான். அதைக்கூட நான் விட்டுவைக்கவில்லை.

யாரிடமும் சொல்ல வேண்டாம், சொன்னால் ஆபீசர்கள் வந்து அள்ளிக்கொண்டு போவார்கள் என்று முடிவு செய்தோம். ஷெட்டில் இருந்த சிமென்ட் தொட்டியில் அதை இறக்கினோம். நல்ல தண்ணீரில் ஊற வேண்டும் என்றாய். கடலிலிருந்து எடுத்த இன்ஜினை அப்படித்தான் செய்வார்கள் என்று அங்கே ஒரு வயதான இன்ஜினியர் உனக்குச் சொல்லியிருந்தார். நம் பக்கத்துக் கிணறெல்லாம் உவர், பெருமுக்கல் பக்கத்திலிருந்து டிராக்டரில் நல்ல தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினேன். தொட்டி நிறைவதைப் பார்த்துக்கொண்டே, "எனக்குத் தண்ணி ஆவாது, அதுக்குத் தண்ணிதான் மருந்து. பாரு அல்லா கணக்க" என்று சிரித்தாய். ஒரு மாதம் ஊறட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பது உன் பேச்சு.

ஒரு மாதம் முடிவதற்குள் கையில் டயாலிசிஸ் குழாய் போட்ட இடத்தில் சீழ் வைத்துவிட்டது. உன்னைச் சென்னைக்குக் கொண்டுபோனார்கள். ஒரு வாரம் என்றார்கள், மாதக்கணக்காக இழுத்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? உனக்குத் தெரியும். ஆனாலும் என் வாயால் முழுசாக உன்னிடம் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன். மாதம் முடிந்ததும் அதைத் தொட்டியிலிருந்து வெளியே எடுத்தேன். உப்புக்காரனுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் வெயில். தண்ணீரை வெயிலில் நிறுத்தினால் தண்ணீர் போய்விடும், உப்பு மேலே வந்து நிற்கும், அதை வாரிவிடலாம். பிறந்ததிலிருந்து பார்ப்பது அதைத்தானே. இன்ஜினுக்குள் ஊறிக் கிடக்கிற உப்பும் அப்படித்தான் வெளியே வரும் என்று கணக்குப் போட்டேன். ஷெட்டுக்கு வெளியே மரக்கட்டை அடுக்கி அதன் மேல் ஏற்றி வைத்தேன். நாலாவது நாள் காலையில் மேலெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா பாய்? என் வைத்தியம் பலித்துவிட்டது என்று நினைத்தேன்.

தேங்காய் நார் பிரஷ் ஒன்று புதிதாக வாங்கினேன். தினமும் காலையில் பாத்தியில் இறங்குவதற்கு முன்னால் அரை மணி நேரம் அந்த வெள்ளையைத் தேய்த்து எடுப்பேன். துடுப்புக்கு நடுவில் ஈர்க்குச்சி விட்டுச் சுரண்டுவேன். பொடியை முறத்தில் அள்ளி வரப்பு ஓரம் கொட்டுவேன். மறுநாள் திரும்பவும் பூத்திருக்கும். எவ்வளவு உப்பைக் குடித்து வைத்திருக்கிறது என்று ஆச்சரியப்படுவேன். ஒரு நாள்கூடத் தவறவில்லை. காய்ச்சலாகக் கிடந்தபோதும் எழுந்து வந்து பெருக்கினேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து நீ போன் செய்தாய். அந்தப் பேச்சு வரிக்கு வரி நினைவிருக்கிறது.

"எப்படிடா இருக்குது அது?"

"வெளிய எடுத்துட்டேன் பாய். வெயில்ல நல்லா காயுது. தெனம் வெள்ளையா கக்குது, நான் பெருக்கித் தள்ளிக்கினே இருக்கறேன்."

நீ கேட்டாய், "வெள்ளையாவா? உப்புதானா அது? ருசி பாத்தியா?"

பார்க்கவில்லை. ஒரு நாளும் பார்க்கவில்லை. பாத்தியில் வாருகிற ஒவ்வொரு உப்பையும் நாக்கில் வைக்கிறவன், அதை மட்டும் வைக்கவில்லை. எண்ணெய்ப் பிசுக்கு இருக்குமே என்ற அருவருப்பா, தெரிந்ததுதானே என்ற திமிரா, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஆனால் அந்த நிமிஷம் எனக்குள் என்ன ஓடியது என்பது தெரியும். நாற்பது வருஷம் உப்பில் நிற்கிறவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது என்று கோபம் வந்தது.

"பாத்தேன் பாத்தேன். உப்புதான்" என்றேன்.

"அப்ப சரி. வெளிய வந்தா நல்லதுதான். உப்பு விஷயத்துல நீ சொன்னா அப்பீல் ஏது" என்றாய். உன் குரலில் நிம்மதி வந்தது.

அந்த நிம்மதியை உனக்குப் பொய் சொல்லிக் கொடுத்தேன். "இரு, பாத்துட்டு சொல்றேன்" என்று சொல்லியிருந்தால் போதும். நாலு எட்டு நடந்து, விரலால் தொட்டு, நாக்கில் வைத்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். திரும்பவும் தண்ணீரில் போடச் சொல்லியிருப்பாய். பாதியாவது மிஞ்சியிருக்கும்.

அதற்குப் பிறகு துடுப்புகள் மெலிந்தன. நான் பார்த்தேன். முதலில் விரல் நுழையாத இடத்தில் ஆனியில் விரல் நுழைந்தது. பிரஷ்ஷோடு சின்னச் சின்னத் தகடுகள் வந்தன. சேற்றில் ஒட்டின பழைய தோல் உரிகிறது என்று சொல்லிக்கொண்டேன். யாரிடம் சொல்லிக்கொண்டேன்? என்னிடம்தான்.

ஆடி முதல் வாரம் நீ வந்தாய். ஆட்டோவில், நான் தங்கச்சி என்று கூப்பிடும் உன் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு. பாதி ஆளாகியிருந்தாய். சட்டைக் கழுத்துக்குள் இன்னொரு ஆள் நுழையலாம். வந்ததும் வராததுமாக, "எங்கடா?" என்றாய். நான் முன்னால் நடந்தேன். வழியெல்லாம் நீ அந்த வரிசையை முணுமுணுத்துக்கொண்டே வந்தாய். ஒண்ணு, மூணு, அஞ்சு, ஏழு, ஒம்போது.

இன்ஜின் முன்னால் நின்றாய். விசிறி மாட்டும் தண்டில் இரண்டு கையையும் வைத்து, "பிஸ்மில்லா" என்று அழுத்தினாய். அது அசையவில்லை. நீ கையை ஊன்றிய பக்கத்து மூடி அடுக்கடுக்காக, பரோட்டாவைப் பிய்த்த மாதிரி, உதிர்ந்து விழுந்தது. உள்ளே எண்ணெய் இல்லை. செந்துரு தெரிந்தது.

தங்கச்சி, "அல்லாவே" என்றாள். நீ குனிந்து, உதிர்ந்த பொடியை ஒரு சிட்டிகை எடுத்தாய். நாக்கில் வைத்தாய். எனக்கு உயிரே போயிற்று. "ஐயோ, உப்பு உங்களுக்கு ஆவாதுங்க" என்று அவள் கையைப் பிடித்தாள்.

நீ என்னைப் பார்த்துக்கொண்டே அவளிடம் சொன்னாய்: "பயப்படாத. இதுல உப்பே இல்ல. டாக்டர் திட்ட மாட்டாரு."

அப்புறம் மெதுவாக, புரியாதவனுக்குச் சொல்கிற மாதிரி சொன்னாய். "அலுமினியம் செத்தாலும் வெள்ளையாத்தான்டா பூக்கும்."

நான் தினமும் பெருக்கித் தள்ளியது உப்பை அல்ல, இன்ஜினை. உள்ளே மிஞ்சிய உப்பும் கடல் காற்றும் அலுமினியத்தைத் தின்று வெள்ளைப் பொடியாக்கியிருக்கின்றன. நாலு மாதம் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக முறத்தில் அள்ளி வரப்பில் கொட்டியிருக்கிறேன். எண்பது வருஷம் சேறு பத்திரமாக வைத்திருந்ததை, உன் சினேகிதன் ஒரு பிரஷ்ஷால் தேய்த்தே தீர்த்துவிட்டான்.

நீ கத்தியிருக்கலாம். ருசி பார்த்தேன் என்று சொன்னாயே என்று கேட்டிருக்கலாம். கேட்கவே இல்லை. சுவரில் ஆணியில் மாட்டியிருந்த பிரஷ்ஷை எடுத்துப் பார்த்தாய், நார் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தது. திரும்ப மாட்டினாய். ஆட்டோவில் ஏறும்போது, "ஒரு தூசு இல்லாம வெச்சிருந்திருக்கடா" என்றாய். கிண்டலா, நிஜமாகவே சொன்னாயா? இந்த எட்டு மாதமாக அதை எல்லா விதமாகவும் சொல்லிப் பார்த்துவிட்டேன். பதில் சொல்ல நீ இல்லை.

நீ போனதும் நானும் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தேன். சுண்ணாம்பு மாதிரி ஒட்டியது. ஒரு ருசியும் இல்லை. அன்றைக்கே ஆள் வைத்து அதை ஷெட்டுக்குள் தள்ளித் தார்ப்பாய் போட்டு மூடினேன்.

அதற்குப் பிறகு உன் தெருப் பக்கம் வரவில்லை. வெட்கம். தங்கச்சி இரண்டு தரம் போன் செய்தாள், வேலை இருக்கிறது என்றேன். ஜும்மா முடிகிற நேரத்துக்கு ஷெட்டில் இருக்காமல் பாத்தியின் கடைசி ஓரத்துக்குப் போய்விடுவேன். நீ வரமாட்டாய் என்று தெரிந்தும் போவேன்.

ஆவணியில் ஒரு திங்கட்கிழமை நீயே கூப்பிட்டாய். பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்திவிட்டுக் கேட்டிருக்க வேண்டும், நிறுத்தவில்லை.

"டேய் உப்பு. என்னா வேணா சாப்பிடலாம்னு சொல்லிட்டாங்கடா. உப்புகூட. உன் உப்பு ஒரு கை எடுத்தாயேன். கஞ்சில போட்டுக் குடிக்கணும்."

நீ மெச்சின என் காது இருக்கிறதே பாய். ஒன்பதில் எந்தச் சிலிண்டர் தப்புகிறது என்று விரலை உயர்த்துகிற காது, அன்றைக்கு என்ன கேட்டது தெரியுமா? உனக்கு உடம்பு தேறிவிட்டது என்று கேட்டது. உப்பையே சாப்பிடச் சொல்லிவிட்டார்கள் என்றால் சிறுநீரகம் திரும்பிவிட்டது, அவ்வளவுதான். துள்ளிக் குதித்தேன். ஷெட் ஓரத்தில் அம்பாரமாக உப்பு கிடந்தது, மழைத் தூறல் பட்டுக் கொஞ்சம் பழுப்பேறிய உப்பு. அதையா உனக்குக் கொண்டுவருவேன்? கிழக்கு ஓரத்துப் பாத்தியில் தண்ணீர் நிற்கிறது, வியாழக்கிழமை வாரலாம், கண்ணாடித் துண்டு மாதிரி வரும். அந்த முதல் கையை உனக்குக் கொடுத்துத்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று மனசுக்குள் ஒரு நாடகமே போட்டுவிட்டேன்.

"நல்ல உப்பா கொண்டாரேன் பாய். மூணு நாள் பொறு" என்றேன்.

"மூணு நாளா?" என்றாய். பிறகு, "செரி. இன்ஷா அல்லா" என்று வைத்துவிட்டாய்.

வியாழக்கிழமை காலையில் வாரினேன். இவ்வளவு நல்ல உப்பு என் பாத்தியில் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வரவில்லை. புதுக் கைக்குட்டையில் முடிந்து, குளித்து, சட்டை மாற்றி, உன் தெருவுக்குள் திரும்பினேன். வாசலில் செருப்புகள் கிடந்தன.

உள்ளே தங்கச்சி என்னைப் பார்த்ததும் சொன்னாள். "கை விட்டுட்டாங்க அண்ணே. டயாலிசிஸ் நிறுத்திட்டாங்க. அதான் என்னா வேணா குடுங்கன்னாங்க. திங்கக்கெழமையே உங்ககிட்ட சொன்னேன்னாரே? கஞ்சி வெச்சா, இருக்கட்டும் அவன் வருவான், அவன் கொண்டாரட்டும்னு உப்பில்லாமலேயே ரெண்டு வாய் குடிச்சாரு."

அவளுக்குத் தெரிந்தது. உனக்குத் தெரிந்தது. தெருவுக்கே தெரிந்திருந்தது. எனக்கு மட்டும் தெரியவில்லை. அம்பாரத்திலிருந்து பழுப்பு உப்பை ஒரு கை அள்ளிக்கொண்டு சைக்கிளை மிதித்திருந்தால் அரை மணி நேரம். உப்புக்கு ஏங்கி ஏங்கிக் கிடந்தவனிடம், நல்ல உப்பு கெட்ட உப்பு பார்த்துக்கொண்டு மூன்று நாள் நின்றிருக்கிறேன். கண்ணுக்கு முன்னால் இருந்ததை இரண்டு முறை தவறாகப் படித்தேன். இரண்டு முறையும் விலை கொடுத்தது நீ.

நடுப்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு கபர்ஸ்தானில் எல்லாரோடும் நானும் மூன்று கை மண் போட்டேன். அப்போது முடிச்சு சட்டைப் பையில் நெஞ்சோடு இடித்துக்கொண்டிருந்தது. அதையும் உன்னோடு போட்டுவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. போடவில்லை. உன்னுடைய ஒன்றை உப்புக்குப் பக்கத்தில் வைத்து நாசமாக்கியவன் நான், திரும்பவும் அதைச் செய்ய மனசு வரவில்லை.

தங்கச்சி உன் போனை எனக்குக் கொடுத்திருக்கிறாள். அதில் எல்லாச் சத்தமும் இருக்கிறது. வெள்ளிக்கிழமை இந்த டின்னுக்கு எதிரே உட்கார்ந்து போட்டுக் கேட்கிறேன். ஒன்பதில் ஒன்று தப்புகிற அந்தச் சத்தமும் வருகிறது. என் விரல் எந்த இடத்திலும் உயரவில்லை, கேட்டு என்ன பயன் என்றுதான் தோன்றுகிறது. மனசு தேறும் என்கிறார்கள் வீட்டில். தேறவில்லை பாய். தேற வேண்டும் என்ற ஆசையும் எனக்கு இல்லை. காலையில் பம்ப்பை ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் கைப்பிடியைப் போட்டு, ஒரு சுற்று மட்டும் மெதுவாகச் சுற்றிவிடுகிறேன். ஒற்றைச் சிலிண்டர்தான், எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை. ஆனாலும் வாய் தானாக ஒன்று, மூன்று, ஐந்து என்கிறது.

இப்போது முடிச்சை அவிழ்த்துக் கையில் வைத்திருக்கிறேன். பாதி கரைந்துவிட்டது. மிச்சம் இருப்பது மூன்று விரலில் அடங்கும். ஒரு கல்லை எடுத்து நாக்கில் வைத்தேன்.

உப்புதான், பாய். இந்தத் தடவை ருசி பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.